நாடியும் ஒரு பேசின் தண்ணீரும்

டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கண்டால் எனக்கு நெஞ்சு தறிகெட்டு ஓடும். பழவேற்காடு ஏரியில் புயலடித்தபோதுகூடப் பயப்படாத ஆள் நான் (சரி, கொஞ்சம் பயந்தேன்). ஆனால் டாக்டர் மணிக்கட்டைத் தொட்டால் போதும், நாடி நூற்று முப்பதைத் தாண்டிவிடும்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு கம்பெனிகள் மருத்துவப் பரிசோதனையில் 'இதயம் சரியில்லை' என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவதாக ஓர் ஆணிக் கம்பெனி கூப்பிட்டது.

"இதுவும் பூட்ச்சுன்னா, பேசாம என்கூட வந்து வலைய இஸ்துகினு கெட," என்றார் நைனா.

எனக்கோ அந்த வேலை வேண்டும். வேண்டவே வேண்டும். கம்பெனிக் காக்கிச் சட்டை கனவில் வந்து உயிரை வாங்கியது.

வழி ஏரியில் கிடைத்தது. முங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும்போது ஒருநாள் நெஞ்சு வழக்கத்தைவிட மெதுவாக அடிப்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அண்டாத் தண்ணீரில் முகத்தை வைத்து, மூச்சை அடக்கி, என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நிதானமாகிவிட்டது! பத்துத் தடவை செய்தேன். பத்துத் தடவையும் அப்படியே. நனைவது முகம். உள்ளே இருக்கிற இதயத்துக்கு யார் போய்ச் சொன்னது? மண்டை காய்ந்துபோனது.

பரிசோதனை அன்று டாக்டர் பக்கத்து அறைக்குப் போன சமயம், அவர் கை கழுவ முக்காலியில் வைத்திருந்த பேசின் தண்ணீர் கண்ணில் பட்டது. விடுவேனா? முகத்தை உள்ளே விட்டேன். (அது மருந்துத் தண்ணீர் என்பது கண் எரிந்த பிறகுதான் தெரிந்தது.)

"ஐயோ டாக்டர்! இங்க ஒருத்தன் முங்கி சாவறான்!" என்று பின்னாலிருந்து கம்பவுண்டர் அலறினார். என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அம்மா தடவிவிட்ட எண்ணெயில் கை வழுக்கி, நான் மறுபடி உள்ளே போனேன். இரண்டாவது இழுப்பில் பேசினும் கூடவே வந்தது.

"இன்னாடா பேஜாரு இது? சாவறதுக்கு எங்க பேசின்தான் கெட்ச்சுதா?"

"சாவறதுக்கு இல்ல சார், நாடி கொறையறதுக்கு," என்றேன், கண்ணீர் வழிய.

ஓடிவந்த டாக்டர் இளவயதுக்காரர். திட்டுவார் என்று பார்த்தால், "நிஜமாவா? எங்கே, காட்டு," என்றார். புதுத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். குறைந்தது!

"முகத்துல இருக்கற நரம்பு மூளைக்குச் சொல்லுது. மூளை இன்னொரு நரம்பு வழியா இதயத்துக்கு பிரேக் போடுது," என்று குதூகலித்தார். "இதயத்துக்குள்ளயே கரண்ட் உண்டாகுது, தெரியுமா?"

"எங்க குப்பத்துக்கே இன்னும் கரண்ட் வர்ல சார்."

அவருக்கு ஆசை தாங்கவில்லை. கையைக் கம்பவுண்டரிடம் நீட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவரும் பேசினுக்குள் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து, பரிசோதனைக்காக வெளியே காத்திருந்த பதினொரு பேரில் ஒருவன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். அப்புறம் கேட்க வேண்டுமா? இதுவும் பரிசோதனையில் சேர்த்தி என்று நினைத்து, பதினொரு பேரும் குழாயடியில் முகத்தை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வரிசையில் வந்து நின்றார்கள்.

'இதயம் நன்று; ஆள்தான் பயந்தாங்கொள்ளி' என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். வேலை கிடைத்தது.

போன மாதம் எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வயர்களை ஒட்டியதுமே நெஞ்சு தடதடத்தது. நர்ஸ் என்ன சொல்லியும் அடங்கவில்லை.

"அவருக்குத் தண்ணி கொண்டாம்மா, சரியாப் பூடும்," என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் ஓடிப்போய் ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள்.

என் பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "குடிக்கறதுக்கு இல்ல சிஸ்டர், தாத்தா முங்கறதுக்கு!"