க்ளைம் போடலாமா, வேண்டாமா?

கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் என்று ஒரு வர்க்கம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெரிந்துகொள்வதற்காக இவர்கள் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் வரை எதையும் செய்ய வேண்டியதில்லை அல்லவா, அதற்காகக் கேட்கிறார்கள். இந்த வர்க்கத்துக்குச் சித்தூரில் ஒரு சங்கம் வைத்தால் செங்கல்வராயன்தான் போட்டியின்றித் தலைவர். சொந்த ஊர் நகரி, சித்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில் காமர்ஸ் லெக்சரர். வாயைத் திறந்தால் முதலில், "அவசரப்படக் கூடாது." அடுத்து, "எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி இந்திராணியுடன் திருச்சானூரில் தாயாரைத் தரிசித்துவிட்டு, லாட்ஜிலிருந்து காரை வெளியே எடுத்தவர் வாசல் தூணில் கொண்டுபோய் முட்டினார். பம்பரில் கொஞ்சம் சிராய்ப்பு. வலது பக்க ஹெட்லைட் சுக்குநூறு. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்ய வேண்டியது என்ன? இன்ஷூரன்ஸில் க்ளைம் போடலாம். போட்டால், இத்தனை வருஷமாக எதுவும் கேட்காத நல்ல பிள்ளை என்று கம்பெனி பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, அதுதான் அந்த நோ க்ளைம் போனஸ், போய்விடும். போடாவிட்டால் கைக்காசைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நீங்களும் நானும் என்றால் பல் தேய்த்து முடிப்பதற்குள் இரண்டில் ஒன்றை முடிவு செய்திருப்போம். செங்கல்வராயனுக்கோ அந்தத் தள்ளுபடி ஒரு பட்டம். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம்கூட, "அம்பது பர்சென்ட்டுங்க, நம்ம மேல ஒரு கீறல் கெடையாது" என்று சொல்லிப் பூரித்தவர். அதை இழப்பதா? சரி, கைக்காசைக் கொடுப்பதா? பிறகு எதற்கு இன்ஷூரன்ஸ்?

ஆகவே, கேட்க ஆரம்பித்தார்.

ஏஜெண்ட் முனிகிருஷ்ணனைக் கேட்டார். "க்ளைம் போட்டாலும் சரி சார், சொந்தத்துல மாத்துனாலும் சரி. ரெண்டும் தப்பில்ல. லைட்டு இல்லாம ஓட்டிக்கினு போறதுதான் தப்பு" என்றான் அவன். இவன் கமிஷனுக்காகப் பேசுகிறான் என்று முடிவு செய்தார். மெக்கானிக் ரமணாவைக் கேட்டார். அவன் புது லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "செப்பண்டி சார், மாட்டட்டா வேணாமா?" என்றான். லைட்டைத் தயாராக வைத்திருப்பவனின் யோசனையை நம்பலாமா? காலேஜ் ஸ்டாஃப் ரூமில் கேட்டார். நாலு பேர் போடு என்றார்கள், நாலு பேர் போடாதே என்றார்கள். அன்று அவர் அடைந்த ஆனந்தம் சொல்லி மாளாது. ஒன்பதாவது ஆள் கிடைக்கும் வரை நிம்மதி.

இந்திராணிதான் பொறுமை இழந்தாள். "இன்னாங்க இது, இன்னும் கேட்டுக்கினே கீறீங்க? எதுர்ல வர்றவனுக்குக் கண்ணு தெரிய வேணாமா?"

"இன்னொரு லைட்டு எரியுது இல்ல? அவசரப்படாத."

இப்படியே கார் ஒற்றைக் கண்ணோடு ஊரைச் சுற்றியது. ஒருநாள் திருப்பதியில் ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து இருவரும் திரும்பும்போது, பாகாலாவுக்கு முன்னாலேயே இருட்டிவிட்டது. எதிரே பால் கேனோடு ஒரு மொபெட் வந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்துக் கிராமத்துத் தணிகைவேல். இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கிறவர். சாலையின் அந்த ஓரத்தில் ஒற்றை விளக்கைப் பார்த்ததும், ஏதோ மோட்டார் சைக்கிள் வருகிறது, நடுவில் வழி இருக்கிறது என்று நினைத்து முன்னால் போன டிராக்டரைத் தாண்ட ஏறினார். கிட்டே வந்த பிறகுதான் இருட்டுக்குள் காரின் மற்ற பாதி தெரிந்தது. வண்டியைத் திருப்பினார். காரில் படவில்லை. பள்ளத்தில் உருண்டார். பால் முழுவதும் மண்ணில்.

இந்திராணி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். செங்கல்வராயனும் இறங்கினார். நேராகக் காரின் முன்பக்கம் போனார். செல்போன் வெளிச்சத்தில் பம்பரைத் தடவித் தடவிப் பார்த்தார். புதுக் கீறல் இல்லை. அந்த நிமிஷத்தில் அவர் மனதில் சுரந்தது பயமும் அல்ல, இரக்கமும் அல்ல. அப்பாடா என்ற ஒரு குளிர்ச்சி. உடனே போன் போட்டார். யாருக்கு? ஆம்புலன்ஸுக்கா?

"முனிகிருஷ்ணா, ஒருத்தன் தானா வந்து வுழுந்துட்டான். நம்ம மேல படல. இதனால போனஸ் போவாது இல்ல?"

"சார்," என்றான் முனிகிருஷ்ணன், "அந்தாளு எப்டி கீறாரு?"

அதை அவர் இன்னும் பார்க்கவில்லை.

தணிகைவேலின் வலது மணிக்கட்டு தொங்கியது. இந்திராணி காரில் கிடந்த துண்டால் அதைக் கட்டி, டிராக்டர்காரரின் உதவியோடு காரில் ஏற்றினாள். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். "ஒத்த லைட்ட பாத்துப் பைக்குன்னு நென்ச்சிட்டேன் சார். என் தப்புதான்." செங்கல்வராயன் பெருந்தன்மையாக, "பாத்து வரணும்பா" என்றார்.

இந்திராணி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ரமணாவை அவளே வீட்டுக்கு வரவழைத்தாள். யாரையும் கேட்கவில்லை. டம்ளரில் இருந்த டீ ஆறுவதற்குள் லைட் மாட்டியாகிவிட்டது. பிறகு பஸ் ஏறித் தணிகைவேல் வீட்டுக்குப் போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையால் பால் கறக்க முடியாது. கை சேரும் வரை பால் கறக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்து, அவனுக்கான கூலியையும் தானே கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

செங்கல்வராயன்? ஸ்டாஃப் ரூமில் இருக்கிறார். "வீட்டுக்குப் போய் அந்தாள ஒரு தபா பாக்கலாமா? பாத்தா நாமளே தப்ப ஒத்துக்கின மாதிரி ஆயிடாதா? அவசரப்படக் கூடாது. நீங்க இன்னா சொல்றீங்க?" இதுவரை மூன்று பேர் போகச் சொல்லிவிட்டார்கள். போகாதே என்று சொல்ல மூன்று பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சீ, இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்களா? நியாயம்தான், நன்றாகத் திட்டுங்கள். திட்டி முடித்த பிறகு ஒன்று: போன மாசம் டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தாரே ஒரு டெஸ்ட், அதை எடுத்துவிட்டீர்களா? இல்லை, எதற்கும் இன்னும் ஒருவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறீர்களா?