ஏழாம் அறைக்கு ஒரு மாலை

ஏழாம் அறையில் கணப்பைப் பற்றவைத்ததும், புகை மேலே போகாமல் தினகரனின் மூக்குக்குள் போனது.

குன்னூரில் வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டல் அது. புதுப்பித்துத் திறக்கும் நாள். முதல் பதிவாக ஏழாம் அறை பெங்களூரிலிருந்து எல்சா என்ற பெயரில் பதிவாகியிருந்தது. "முதல் கெஸ்ட் மனசு கோணக் கூடாது. மாலை போட்டுக் கூப்பிடுங்க. இல்லைன்னா நீங்க ஊட்டுக்குப் போயிரலாம்" என்று முதலாளி மூன்று முறை சொல்லிவிட்டார்.

மேனேஜர் தினகரன் ஜன்னலைத் திறந்தான். புகை போகவில்லை, மூடுபனி உள்ளே வந்து மெத்தையை ஈரமாக்கியது. மெத்தை காய ஹீட்டரைப் போட்டான். ஃபியூஸ் போனது.

"சார், மாடி முழுக்கக் கரண்ட் இல்லீங்க" என்று வரவேற்பாளர் கீர்த்தனா ஓடிவந்தாள்.

"தெரியும். போக வெச்சதே நாந்தான்! போயி எலக்ட்ரீசியனைக் கூட்டிட்டு வாம்மா."

கீழே இறங்கினால், முன்வாசலில் கொர்னேலியஸ் கோட்டு போட்டு, மனைவி ஜெஸிந்தாவுடன் நின்றிருந்தார். நாற்பது வருடம் இந்த அறைகளுக்குக் கணப்பு மூட்டியவர். புதுப்பிக்கும்போது அவரை வேலையிலிருந்து நிறுத்தியது தினகரன்தான்.

"சாமிதான் உங்களை அனுப்பிச்சிருக்குது! ஏழாம் நம்பர்ல ஒரே புகை. பின்வாசலா மேல போங்க."

"சார், நாங்க வந்தது வந்துங்க... இந்தக் காகிதத்தை..."

"வேலைக்கு மனுவா? நாளைக்குப் பாக்கறேன்." வாங்கிச் சட்டைப்பையில் திணித்தான். "அம்மா, நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க. கெஸ்ட் வர்ற நேரம்."

கொர்னேலியஸ் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். "யாரோ குளிர்ல வர்றாங்களாம், பாவம். அஞ்சு நிமிசம் இரு."

மேலே போய், அணைந்துபோயிருந்த கணப்பின் புகைபோக்கிக்குள் கைவிட்டு, கொத்தனார்கள் அடைத்துவிட்டு மறந்த சாக்கை உருவினார். கூடவே கரியும் அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"பத்த வைக்கக் காகிதம் இருக்குங்களா?"

தினகரன் பையிலிருந்ததைச் சுருட்டி உள்ளே போட்டுத் தீக்குச்சியைக் கிழித்தான். கொர்னேலியஸ் கையை நீட்டுவதற்குள் அது எரிந்துவிட்டது. கட்டை பிடித்துக்கொண்டது. அறை கதகதப்பானது.

"இனி யாரு வந்தாலும் குளிராமத் தூங்குவாங்க" என்றார் கொர்னேலியஸ், நெருப்பைப் பார்த்தபடி.

"ரொம்ப உபகாரம். உங்க மனுவை நாளைக்குக் கட்டாயம் படிக்கிறேன்."

"அது எரிஞ்சு போச்சுங்க சார்."

"அப்ப வேற எழுதிட்டு வாங்க. சமையக்கட்டுல டீ குடிச்சிட்டு, பின்வாசலாவே போயிருங்க."

கொர்னேலியஸ் தலையசைத்தார். நாற்பது வருடப் பழக்கம். டீ குடிக்கவில்லை. வெளியே நடுங்கிக்கொண்டிருந்த ஜெஸிந்தா தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்துக் கரியைத் துடைத்தார். பிறகு இருவரும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து பனிக்குள் மறைந்தார்கள். அந்த அம்மாளையாவது உள்ளே உட்காரச் சொல்லியிருக்கலாம் என்று தினகரனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் கையில் மாலை இருந்தது.

ஆறு மணிவரை அதோடு வாசலில் நின்றான். ரோஜா இதழ்கள் உதிர ஆரம்பித்தன.

கீர்த்தனா போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

"சார், எல்சா மேடம் பேசறாங்க. கல்யாண நாளுக்கு அவங்க அப்பா கொர்னேலியஸுக்கும் அம்மாவுக்கும் போட்ட ரூம்பு, குளிராம இருக்குதான்னு கேக்கறாங்க."