முதுகு வைத்த நாற்காலி கோரும் மனு

வட்டார அலுவலக எழுத்தர் பர்யோனோ, முதுகு வைத்த நாற்காலி ஒன்று கேட்டு மனுக் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இடுப்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஸ்டூலில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இடது கால் கட்டைவிரல்வரை மின்சாரம் பாயும். மனுவுக்குப் பதில் வரவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று முறை வந்தது. சாய்வுடன் கூடிய நாற்காலி பிரிவுத் தலைவருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் உரியது என்றும், மனுதாரர் முதலில் பதவி உயர்வு பெற்றுப் பின்னர் வலியைத் தெரிவிக்கலாம் என்றும் அவற்றில் கண்டிருந்தது.

டாக்டர் இரும்புப் பட்டி வைத்த பெல்ட் ஒன்றை இடுப்பில் கட்டிவிட்டார். "ஆறு மாசம் குனியவே கூடாது. குனிஞ்சீங்க, அப்புறம் ஆபரேஷன்தான்."

உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் வலது கையைத் தாழ நீட்டி, இடுப்பை வளைத்து, அவர் தலைக்குக் கீழே தன் தலையை வைத்துக்கொண்டு போகாமல் நடு ஜாவாவில் எப்படி உத்தியோகம் பார்ப்பது என்று டாக்டர் சொல்லவில்லை. அவர் சுமத்ராக்காரர்.

திங்கட்கிழமை காலை வட்டார அதிகாரி விர்யாட்மோ கூடத்தில் உட்கார்ந்து, பொரித்த சோயாத் தெம்பே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பர்யோனோ விளக்குக் கம்பம்போலக் கடந்து போனார். தெம்பே வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"இபு, இப்பப் போனது யாரு?" என்று செயலாளர் புர்வந்தியம்மாளைக் கேட்டார்.

"நம்ம பர்யோனோதான், பாக்." பாக் என்றால் அங்கே ஐயா; இபு என்றால் அம்மா.

"நேரா போனானே!"

"நானும் பார்த்தேன், பாக். நூல் பிடிச்ச மாதிரி போனாரு."

"யாரோட ஆளு?"

"யாரோட ஆளும் இல்லீங்க. சம்சாரம் சந்தையில துணி தைக்கிறாங்க."

"வெளியவே தெரியலன்னா ரொம்பப் பெரிய இடமா இருக்கும்."

"முதுகுவலின்னு மனு குடுத்திருக்காரே, பாக்."

"மனுவுல எவன் உண்மைய எழுதுவான்?"

பதினோரு மாதம் அடியில் கிடந்த கோப்பு நான்கே நாளில் மேலே வந்தது. எல்லாப் பரிந்துரையும் ஆயிற்று. மாவட்டத் தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவரும் பதினேழாம் தேதி ஆய்வுக்கு வரவிருந்தார்.

பர்யோனோவுக்கு மனசு கேட்கவில்லை. அதிகாரியிடம் போய், "பாக், எனக்கு நெசமாவே முதுகுவலிதான்" என்றார்.

அதிகாரி கண்ணைச் சிமிட்டினார். "அப்படியே சொல்லிட்டு இருங்க, பாக் பர்யோனோ." முந்தின வாரம்வரை அவர் வெறும் பர்யோனோ.

அடுத்த மேசைத் தர்சோ மெல்ல வந்தார். "என்னய்யா, அந்த பெல்ட் எந்தக் கடையில கிடைக்குது?"

"உமக்கு எங்க வலிக்குது?"

"வலி பின்னால வரும். முதல்ல பெல்ட் வரட்டும்."

அடுத்த வாரம் அலுவலகம் முழுக்க பெல்ட். பெண்கள் முக்காட்டின் நிறத்துக்குப் பொருத்தமாக வாங்கினார்கள். தரையில் விழுந்த கோப்புகளைக் குனிந்து எடுக்க ஆளில்லாததால், அவை பரிசீலனையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டன. பதினாறாம் தேதி அதிகாரியும் ஒன்று கட்டிக்கொண்டார்.

மாவட்டத் தலைவர் வந்து இறங்கினார். வாசலில் பதினான்கு பேர் பலகைபோல நின்றார்கள். ஒருவர் தலைகூடத் தாழவில்லை. அவர் இருபது வருஷம் அரசியலில் இருந்தவர். ஒருத்தன் குனியாவிட்டால் திமிர்; பதினான்கு பேர் குனியாவிட்டால் மேலிடம். சட்டென்று தானே வலது கையைத் தாழ நீட்டி, இடுப்பை வளைத்து, அவர்கள் முன்னால் நடந்தார். நான்காவது ஆளைத் தாண்டும்போது கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் அவர் நிமிரவில்லை.

"யாரும் இழுக்காதீங்க!" என்று பர்யோனோ கத்தினார். "பாக், மெதுவா ஒருக்களிச்சுப் படுங்க. இப்ப மல்லாந்துக்குங்க. முழங்காலுக்கு அடியில இத வெச்சுக்குங்க." கையெழுத்துக்காகக் கையில் வைத்திருந்த தன் மனுக் கோப்பையே கொடுத்தார். பதினோரு மாதத்தில் அது நல்ல கனம் ஏறியிருந்தது.

மாவட்டத் தலைவர் தரையில் கிடக்க, பதினான்கு தலைகள் அவருக்கு மேலே இருந்தன. முதலில் விர்யாட்மோவுக்குத்தான் உறைத்தது. அவர் படுத்தார். பிறகு ஒவ்வொருவராக, பெல்ட்டோடு விறைப்பாக, எல்லோரும் படுத்தார்கள். பர்யோனோவும் படுத்தார். அலுவலக நேரத்தில் அவர் முதுகுக்குக் கிடைத்த முதல் சுகம் அது.

"இது எப்பய்யா சரியாகும்?" என்று மாவட்டத் தலைவர் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"முதுகு வெச்ச நாற்காலி இருந்தா தாக்குப்பிடிக்கலாம், பாக்."

"எழுதிக் கேக்க வேண்டியதுதானே?"

"உங்க முழங்காலுக்கு அடியிலதான் இருக்கு, பாக்."

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. நேரடி ஆய்வின்போது ஊழியர்கள் யாவரும் தரையில் திருப்திகரமாக இருக்கக் காணப்பட்டமையால், மேற்படி நாற்காலி மனு முடித்துவைக்கப்படுகிறது; ஸ்டூல்கள் திரும்பப் பெறப்பட்டுப் பாய்கள் வழங்கப்படும்; தலையணை பிரிவுத் தலைவருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் மட்டும்.

பர்யோனோ அன்றைக்கே தலையணை கேட்டு மனு எழுதினார், படுத்தபடி.

சான்றிதழ் வாங்க வந்த ஜனங்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். அதிகாரிகளின் தலைக்கு மேலே தங்கள் தலை இருப்பது மரியாதையாகப் படவில்லை. வரிசை கலையாமல் அவர்களும் படுத்துக்கொண்டார்கள். இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுப்பதென்றால் யாராவது முதலில் எழுந்திருக்க வேண்டும்.