தேநீர் வேண்டுமா என்று கேட்ட கூட்டம்

கவிதா, மணி! உங்கள் அம்மாவின் சாயாக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை மட்டும் இருவரும் விட்டுவிடுகிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். (பிழை இருந்தால் சத்தம் போடாமல் திருத்திக்கொள்ளவும்.)

அம்மாவுக்குக் கண் பார்வை போன வருஷம் அது. சொன்னதைக் கேட்டு நடக்கும் செயலி ஒன்றை கவிதா அவள் போனில் போட்டுக் கொடுத்தாள். இதற்கு முதலாளி கிடையாது, பலர் சேர்ந்து எழுதியது, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்றாள். நல்ல மனுஷர்கள் என்று நினைத்தேன். அம்மா போனிடம், "கவியெ விளி" என்றாள். அசையவில்லை. "கவிய கூப்பிடு" என்றாள். அப்போதும் கல் மாதிரி இருந்தது. நான் டெம்போவை எடுத்துக்கொண்டு எறணாகுளம் பிராட்வேக்குச் சரக்கேற்றப் போனால், மட்டாஞ்சேரி வீட்டில் அவள் தனி. அவசரத்துக்கு உங்களை எப்படிக் கூப்பிடுவாள்?

அந்தச் செயலிக்காரர்கள் எறணாகுளத்தில் கூட்டம் போட்டார்கள். மக்கள் குரலைப் பதிந்து போனுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம். வாசலில் பேனர்: 'எல்லோரும் வருக! எல்லாக் குரலும் நம் குரலே!' அதை நம்பி, கல்யாணத்துக்கு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு அம்மாவையும் அழைத்துப் போனேன்.

திரையில் ஒரு வாக்கியம் வரும். அதை வாசிக்க வேண்டும். பதிந்ததை ஒலிபெருக்கியில் போடுவார்கள். கேட்பவர்கள் போனில் 'சரி' அல்லது 'தவறு' அழுத்துவார்கள். தவறு கூடினால் அந்தக் குரல் குப்பைக்கு.

நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவன். தமிழ் எழுத்து நானாகக் கற்றது. எழுத்தெழுத்தாகக் கூட்டி, வேர்த்து விறுவிறுத்து வாசித்து முடித்தேன். திரை முழுக்க 'தவறு'.

கழுத்தில் ஹெட்போன் மாட்டிய சென்னைத் தம்பி வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க தமிழ்ல மலையாள ராகம் வருது. மெஷின் குழம்பிடும்."

"குழம்பட்டும்! எம்பொண்டாட்டி டெய்லி குழம்பறா, மெஷின் ஒரு நாள் குழம்பினா செத்தா போயிரும்?"

அடுத்து அம்மா. அவளுக்குத் திரை எங்கே தெரியும்? நான் பக்கத்தில் நின்று வாக்கியத்தை அவள் காதில் ஓதினேன். "உங்களுக்குத் தேநீர் வேண்டுமா?"

அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒலிபெருக்கியில் முதலில் திருடன் மாதிரி என் கிசுகிசுப்பு கேட்டது. பிறகு உங்கள் அம்மா, அந்தத் தம்பிதான் கேட்கச் சொன்னான் என்று நினைத்து, அவனிடம் கணீரென்று:

"வேண்டாம் மோனே, இப்பத்தான சாயா குடிச்சோம். நீ குடிச்சியா?"

ஹால் இடிந்து விழுவது போலச் சிரித்தது. (அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.) திரையில் மறுபடி 'தவறு'. காரணமும் வந்தது: இரண்டு குரல் இருக்கிறதாம்!

நான் மைக்கைப் பிடுங்கினேன். "கண்ணு தெரியாதவங்களுக்குன்னு செய்யறீங்க. அவங்க கண்ணால படிச்சாத்தான் சேத்துப்பீங்களா? அப்ப அந்த பேனர கழட்டிருங்க. நானே ஏணி புடிக்கறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பியின் முகம் சிவந்துவிட்டது. "அத நாங்க யாருமே யோசிக்கல சார்," என்றான்.

அம்மா கையைப் பிடித்து விறுவிறுவென்று வெளியேறினேன். டெம்போவில் ஏறியதும் அவள், "நல்ல பிள்ளைங்க. க்ரீம் பிஸ்கட்டாக்கும் தந்தது," என்றாள். என் கோபத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்!

பிறகு செயலியில் புதிதாக ஒரு பொத்தான் வந்தது. அதை அழுத்தினால் வாக்கியத்தை அதுவே சொல்லும், கேட்டுத் திருப்பிச் சொன்னால் போதும். அம்மா வீட்டிலிருந்தே வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது "கவியெ விளி" என்றால் போன் பெரும்பாலும் கேட்கிறது. கேட்காதபோது மணி, "நீ குடிச்சியா?" என்று அதனிடம் விசாரிக்கிறான்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் சுள்ளிக்கல் சந்திப்பில் டெம்போவை நிழலில் நிறுத்திவிட்டு, தனியாக அந்தச் செயலியைத் திறந்தேன். யாரோ ஒரு பெண்ணின் குரலுக்கு ஓட்டுப் போடச் சொன்னது. எந்த நாட்டுத் தமிழோ! ஒவ்வொரு வார்த்தையும் இழுத்து இழுத்து, கடைசியைப் பாதி விழுங்கி. இதெல்லாம் ஒரு தமிழா என்று என் விரல் தானாகவே 'தவறு' பக்கம் போயிற்று. மறுபடி கேட்டேன். வாக்கியம் முழுசாக இருந்தது. அந்த விரலை இன்னொரு கையால் பிடித்து இழுத்து வந்து, 'சரி' மேல் வைத்து அழுத்தினேன்.