பொட்டு வைத்த ரெஞ்ச்

முறுக்குவிசையைப் பற்றி வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிய நான், ஒரு கார்ச் சக்கரத்தின் நட்டைக்கூட அதுவரை கழற்றியதில்லை. இயந்திரவியல் பேராசிரியர்களிடையே இது அரிய குறை அன்று என்பதுதான் எனக்குள்ள ஒரே ஆறுதல்.

அயனம்பாக்கத்தில் எங்கள் காரை ஓட்டியவள் என் மனைவி விசாலாட்சி. நான் இடப்பக்க இருக்கையில் அமர்ந்து பிரேக்கின் இயற்பியலை விளக்கிக்கொண்டு வருவேன். (“வாயை மூடிக்கிட்டு வந்தா வண்டி இன்னும் நல்லா நிக்கும்” என்பாள்.) அவள் மறைந்தபின் கார் போர்ட்டிகோவிலேயே நின்றது. ஒரு டயர் காற்றிறங்கித் தரையோடு சப்பையாகிப்போனது. ஆயுத பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வரவிருந்த மகள் நித்யா தொலைபேசியில் சொன்னாள்:

“ஸ்டெப்னி மாத்தக்கூடத் தெரியாம எதுக்குப்பா அந்த வண்டி? நான் வரும்போது வித்துடலாம்.”

“நானே மாத்திக் காட்டறேன். மாத்திட்டா வண்டி இங்கேயே இருக்கும்.”

“சரி. முடியலைன்னா வித்துடணும். பேச்சு மாறக் கூடாது.”

விசாலாட்சி ஓட்டிய வண்டி அது. தோற்க எனக்கு மனமில்லை. பேட்டரியில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்று வாங்க முடிவு செய்தேன். நட்டுகளைத் தட்டித் தட்டிச் சுழற்றும் துப்பாக்கி வடிவக் கருவி. எடை, மின்னழுத்தம், முறுக்குவிசை ஆகியவற்றை ஒப்பிட்டு வரைபடங்கள் வரைந்தேன். பிறகு அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதைச் சுட்டிக்காட்டினேன். (அதற்கு வரைபடம் தேவையில்லைதான்.)

“ஊட்ல லாரி கீதா சார்?” என்றார் கடைக்காரர்.

“இல்லை. சின்ன கார்தான்.”

தேவையைவிடப் பன்மடங்கு வலிமை வேண்டும் என்ற பாதுகாப்புக் காரணிக் கோட்பாட்டை அவருக்கு விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். “வாத்தியாருங்களா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு பில் போட்டார்.

மனைவியின் வருஷாந்திரத் திதி முடிந்து வந்த முதல் ஆயுத பூஜை அது. கிரைண்டர் முதல் கார் ஸ்டியரிங் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவள் விசாலாட்சி. அந்த ஆண்டு நானே சந்தனம் குழைத்தேன். அளவு தெரியவில்லை. புது ரெஞ்சுக்குச் சிறப்பு மரியாதையாக, விசைக்கு மேலே, நட்டநடுவில், ஒரு கொத்தனாரின் தாராளத்தோடு அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். இரவுக்குள் அது இறுகிக் கல்லாகிவிட்டது.

விஜயதசமி காலை. நித்யா காபியோடு படியில் அமர்ந்தாள். ஜாக்கி வைத்துத் தூக்கி, ரெஞ்சை நட்டில் பொருத்தி, விசையை அழுத்தினேன். எழுந்த பேரொலியில் எதிர்வீட்டு ஜமீலா ஓடிவந்தார். விசாலாட்சியிடம் இதே காரில் ஓட்டக் கற்றவர்.

“இன்னா சார் சத்தம்? போர்வெல் போட்றீங்களோன்னு பாத்தேன்.”

அதே கணம் ‘டக்’கென்று நட்டு கையோடு வந்தது. உயர்த்திக் காட்டினேன்.

நித்யா கூர்ந்து பார்த்தாள். “அப்பா, நட்டுக்குள்ள போல்ட்டும் சேர்ந்து வந்திருக்கே?”

“பவர் அப்படிம்மா. ரெண்டையும் சேர்த்தே கழட்டுது.”

அடுத்ததையும் அப்படியே கழற்றினேன். அதற்கும் அடுத்ததை. கடைசியில் ஜமீலா பொறுக்கமாட்டாமல் ரெஞ்சைப் பிடுங்கி, சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் ஓர் அம்புக்குறி வெளிப்பட்டது.

“ஐய, அம்புக்குறி மேலயா சார் பொட்டு வெப்பீங்க? இது இறுக்குற பக்கம் கீது! நீங்க கழட்டவே இல்ல, இறுக்கிகினே போய் முறிச்சிட்டீங்க!”

திசை மாற்றும் பொத்தானைப் பற்றிக் கையேட்டில் படித்திருந்தேன். புதுக் கருவி கழற்றும் திசையில்தான் இருக்கும் என்று எதை வைத்து முடிவு செய்தேன் என்பது இன்றும் ஆய்வுக்குரியது.

நித்யாதான் முதலில் சிரித்தாள். பிறகு ஜமீலா. பிறகு யாரோ ஓர் ஆண் சிரிப்பது கேட்டது, நான்தான். விசாலாட்சி போனபின் அந்த வீட்டில் அந்த ஒலியை நான் கேட்டதில்லை. நித்யா சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தோத்துட்டேன்மா. வித்துடலாம்” என்றேன்.

“மூணு கால்ல நிக்கற வண்டியை யாருப்பா வாங்குவா?” என்றாள் கண்ணைத் துடைத்தபடி. “முதல்ல போல்ட் போடுவோம்.”

“விக்கிறதா? இன்னா பேச்சு இது நித்யா?” என்றார் ஜமீலா. “அக்கா எனக்கு ஏரிக்கரை ரோட்ல கத்துக் குட்த்த வண்டி. வாரம் ஒருக்கா நான் எடுக்கறேன். சார் பக்கத்துல குந்திகினு வரட்டும்.”

நித்யா என்னைப் பார்த்தாள். அப்புறம் விற்பனையைப் பற்றி அவள் பேசவே இல்லை.

மெக்கானிக் வந்து புது போல்ட்டுகள் போட்டார். இப்போது ஞாயிறுதோறும் ஜமீலா பூந்தமல்லிக்கு ஓட்டிச் செல்கிறார். நான் என் பழைய இருக்கையில், பிரேக்கின் இயற்பியலோடு. (“அக்கா சொன்னது சரிதான் சார்” என்கிறார். என்ன சொன்னாள் என்று நான் கேட்பதில்லை.) அந்த இருக்கையை எனக்கு மீட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் வழி எனக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று பெங்களூரிலிருந்து வீடியோ அழைப்பு வருகிறது. “அப்பா, அம்புக்குறி தெரியுதா?”

ரெஞ்சைக் கேமராவுக்கு அருகில் பிடிப்பேன். “தெரியுதும்மா.”

“நானும் பாத்துட்டேன் நித்யா!” என்று ஜமீலா பின்னாலிருந்து சான்றளிப்பார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றப்படுகிறது.