மன்னரின் பிடரி வரையப்படுகிறது, காத்திருக்கவும்

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. காடு முதலில் வந்ததா, அலுவலகம் முதலில் வந்ததா என்று தெரிய வேண்டுமானால் தனியாக மனு கொடுங்கள். நாம் கதைக்குப் போவோம்.

கோடையில் அந்தக் காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருக்கும். மன்னரான சிங்கத்துக்கு அன்றைக்கு எத்தனை மணிக்குத் தாகம் எடுக்கும் என்பது பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும். (சிங்கத்தை 'அது' என்று எழுதக் கூடாதெனச் சுற்றறிக்கை இருப்பதால் இனிமேல் 'அவர்'.) அவர் நேரத்தைச் சொன்னதும், அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டு மற்ற விலங்குகளுக்குத் தண்ணீர் முறை போட்டு, மூன்று மணிக்குள் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் வராவிட்டால் நேற்றைய முறையே செல்லும் என்பது விதி. இந்த விதியை எழுதியது யாரென்று எனக்குத் தெரியாது. எழுதியது மான் இல்லை என்பது மட்டும் தெரியும்.

தபால் பிரிவில் அந்த வேலையைப் பார்த்தது வேதவல்லி என்ற ஆமை. இருபத்தெட்டு வருட சர்வீஸ். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, ஏனென்றால் காலை பத்து மணி அலுவலகத்துக்கு அது முந்தின நாள் மாலையே கிளம்பிவிடும்.

பங்குனியிலிருந்து அதன் கணினியில் மின்னஞ்சல் படுத்துவிட்டது. கடிதத்தைத் திறந்தால் திரை வெள்ளையாக நிற்கும். கீழே உருட்டினால் பாதிக் கடிதம் வரும், மீதி யோசிக்கும். 'மான்' என்று தட்டினால் 'மா' உடனே விழும். மிச்ச எழுத்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் விழுந்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பட்டியல் நாலே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் மான்கள் நேற்றைய முறைப்படி நாலு மணிக்கே குளத்தில் நின்றன. மன்னரும் நின்றார். பூவரசி என்ற மான் அன்று வீடு திரும்பவில்லை.

மறுநாள் பூவரசியின் அக்கா செண்பகம் அலுவலகத்துக்கு வந்தது. சண்டை போடவில்லை. இறப்புப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு, வேதவல்லியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனது. சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது வேதவல்லிக்கு. மதியத்துக்குக் கொண்டுவந்த கீரையை அது அப்படியே மூடி வைத்துவிட்டது.

மேலாளர் நரி தருமலிங்கம் கூப்பிட்டு அனுப்பியது.

"திங்கட்கிழமைலேருந்து உங்க சீட்ல முயல் உட்காரும்மா."

"சார், மெதுவா இருக்கறது நான் இல்ல சார், கம்ப்யூட்டரு."

"நீங்க ஆமை. சர்வீஸ் புக்லயே போட்டிருக்கு. அதுக்கு மேல நான் என்ன விசாரிக்கறது?"

திங்கட்கிழமை முயல் வந்து உட்கார்ந்தது. முதல் கடிதத்தைத் திறந்தது. திரை வெள்ளையாக நின்றது. காத்திருந்த முயல் அப்படியே தூங்கிவிட்டது. முயல்களுக்கு இந்த மாதிரி இடத்தில் தூக்கம் வருவது பரம்பரை வியாதி. பட்டியல் ஐந்தரைக்குப் போனது. இன்னொரு மான் குறைந்தது.

"முயலே மெதுவாயிடுச்சுன்னா மிஷின்லதான் ஏதோ கோளாறு" என்று நரி கண்டுபிடித்தது. உடனே முயலுக்கு மருத்துவ விடுப்பு கொடுத்து, வேதவல்லியைப் பழைய இடத்தில் உட்காரவைத்து, மரங்கொத்திக்கு ஆள் அனுப்பியது.

மரங்கொத்தி குணசீலன்தான் அந்த வட்டாரத்துக்கே கணினி பழுதுபார்ப்பது. வந்ததும் பெட்டியை மூன்று முறை கொத்திப் பார்த்தது. அதில் ஒன்றும் தெரியாது, ஆனால் கொத்தாமல் அதற்கு வேலை ஓடாது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா அக்கா?"

"நாப்பது தடவை பண்ணிட்டேன்."

குணசீலன் மின்னஞ்சல் மென்பொருளைக் கூடுதல் இணைப்புகள் எதுவும் இல்லாமல் வெறுமனே திறந்து பார்த்தது. இழுத்தது. திரையை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழையது என்று புதியதைப் போட்டது. இழுத்தது. படம் வரைவதைத் தனி சிப்பிடம் விடும் வசதியை நிறுத்தியது. கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் இழுத்தது. பிறகு ஒரு கடிதத்தைத் திறந்து, அடிவரைக்கும் உருட்டிப் பார்த்துவிட்டு, போய்க் கதவைச் சாத்தியது.

"என்ன தம்பி?"

"மெதுவாப் பேசுங்க. கீழ பாருங்க."

கடிதத்தின் அடியில் மன்னரின் கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் மன்னரின் முகம். முகத்தைச் சுற்றிப் பிடரி காற்றில் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக அசைந்தது. பங்குனியில் பிறந்தநாளுக்கு மயில் வரைந்து கொடுத்த படம்.

அந்தக் காட்டில் யாரும் பதில் எழுதும்போது மன்னரின் படத்தை வெட்டுவதில்லை. வெட்டினால் மன்னர் தலையை வெட்டியது யாரென்று விசாரணை வரும். ஆகவே ஒரு கடிதத்துக்கு நாற்பத்து மூன்று பதில் வந்தால் நாற்பத்து மூன்று பிடரிகள். அத்தனையும் ஒரே சமயத்தில் அசையும்.

"நீங்க ஒரு எழுத்து தட்டினா, இது அத்தனை மயிரையும் மறுபடி வரையுதுக்கா. பாவம், அதுவும் என்ன பண்ணும்?"

"அப்ப வெட்டிடலாமா?"

"ஐயோ, எனக்குக் கூட்டுல மூணு குஞ்சு இருக்கு." குணசீலன் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, ஓர் இடத்தில் அழுத்தியது. "இனிமே உங்க திரையில படம் காட்டாது. எழுத்து மட்டும் வரும். மன்னர் கடிதத்துல இருப்பாரு. உங்களுக்குத் தெரியமாட்டாரு, அவ்வளவுதான்."

அன்று பட்டியல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் போனது. மறுநாள் இரண்டு மணிக்கு. நாலு நாளும் மான்கள் போன எண்ணிக்கையில் திரும்பி வந்தன. செண்பகம் ஜன்னலோரம் வந்து ஒரு கட்டு அருகம்புல் வைத்துவிட்டுப் போனது. வேதவல்லிக்கு அழுகை வந்துவிட்டது, புல்லோடு சேர்த்து விழுங்கியது.

ஐந்தாம் நாள் மன்னர் நரியைக் கூப்பிட்டார். வயிறு ஒட்டியிருந்தது. ஆனால் மன்னர்கள் பசி என்று சொல்வதில்லை.

"தபால் பிரிவில் என் பிடரி அசையவில்லையாமே?" என்றார்.

விசாரணைக் குழு அரை மணி நேரத்தில் அறிக்கை கொடுத்தது. அந்த அலுவலகத்தில் அவ்வளவு வேகமாக முடிந்த வேலை அது ஒன்றுதான். படங்கள் திரும்பவும் காட்டப்பட்டன. யாரும் மறுபடி நிறுத்த முடியாதபடி அந்த வசதி பூட்டப்பட்டது. பிடரிக்கு இன்னும் கொஞ்சம் அடர்த்தி சேர்க்கப்பட்டது. வேதவல்லியை வேலையைவிட்டு எடுக்கவில்லை, அந்த நாற்காலியில் நிரந்தரமாக்கினார்கள். காரணத்தை நரியே வெளிப்படையாகச் சொன்னது:

"நீங்க உட்கார்ந்திருந்தா தாமதத்துக்கு யாரும் காரணம் கேட்கமாட்டாங்கம்மா."

அன்று பன்னிரண்டு மணிக்கு மன்னருக்கு நாலு மணிக்குத் தாகம் எடுக்கும் என்று செய்தி வந்தது. முந்தின நாள் நாலு மணி மான்களின் முறை. வேதவல்லி அவசரமாகப் பட்டியலைத் தட்டி, 'அனுப்பு' என்பதை அழுத்தியது. திரை வெள்ளையானது. ஒரு மணி ஆனது. திரை வெள்ளையாகவே இருந்தது.

வேதவல்லி எழுந்தது. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அனுமதி வாங்காமல் வெளியே போனது. குளத்தை நோக்கி நடந்தது. வெயிலில் ஓடு கொதித்தது, நிற்கவில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குளத்தங்கரைக்கு வந்துவிட்டது. மின்னஞ்சல் இன்னும் வந்து சேரவில்லை.

"செண்பகம், போயிரும்மா! நாலு மணி அவரோட நேரம்!"

செண்பகம் கைபேசியை எடுத்துப் பார்த்தது.

"மெயில் வரலையே அக்கா."

"வரும், மெதுவா வரும். நான்தானே அனுப்பினேன், நானே சொல்றேன்!"

"மூணு மணிக்குள்ள வரலைன்னா முறை மாறலைன்னுதானே அர்த்தம்? நாலு நாளா எவ்வளவு கரெக்டா அனுப்பினீங்க. உங்க மெயிலை நம்பித்தான் நாங்க இருக்கோம்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, செண்பகம் தண்ணீரில் வாயை வைத்தது.

நாலு மணிக்குக் கைபேசி அதிர்ந்தது. செண்பகம் தலையைத் தூக்கி, "இதோ வந்துருச்சு" என்றது. கடிதம் திறந்தது. எழுத்து இன்னும் வரவில்லை, படம்தான் முதலில் வந்தது. திரையில் பிடரி அசைந்தது.

திரைக்குப் பின்னால் இருந்த புதரிலும் அசைந்தது.

நீதி: கணினி மெதுவாக இருந்தால், பழுதுபார்க்கும் முன் அதனால் யாருக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று விசாரித்துக்கொள்ளவும்.