ருஷ்யாக்காரருக்கு ஒரு மாலை

படத்துக்கு மாலை போட்டதுதான் வினையாகப் போயிற்று.

ஆம்பூரில் அந்தக் காலத்தில் எந்த நாடகமானாலும் முதலில் சாமி படத்துக்குப் பூஜை நடக்கும். தோல் கம்பெனி குமாஸ்தா சாமுவேல், சாமிக்குப் பதிலாக நாடகம் எழுதிய ருஷ்யாக்காரரின் படத்தை வைத்து, மாலை போட்டு, விளக்கும் ஏற்றிவிட்டான்.

கதை என்னவோ, ஒரு குடும்பம் டீ குடித்தபடி பெருமூச்சு விடுவதுதான். ஆனால் அதை எழுதியவரே தமாஷ் நாடகம் என்று சொல்லியிருந்தார். சாமுவேல் நம்பினான். நாடகம் போடத் தன் தோல் குடோனைக் கொடுத்த மேல்விஷாரத்து முதலாளி நிசார் அஹமது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நான் சிரிச்சா வருஷா வருஷம் குடோன் உங்களுக்கு. இல்லாட்டி இந்தப் பேஜாரே வேணாம்."

அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

தோலில் முடி நீக்கும் கெங்கம்மாள் தன் கூட்டத்தோடு நாடகம் பார்க்க உள்ளே வந்தாள். மாலையையும் விளக்கையும் பார்த்ததும் படத்தின் எதிரே உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் செத்தது யாரென்று விசாரித்துவிட்டு அழுகிறவர்கள் அல்ல.

சாமுவேல் ஓடி வந்தான்.

"அக்கா, அழாதீங்க! இவர் செத்து முப்பது வருஷம் ஆவுது!"

"முப்பது வருஷமா உனக்கு அழ ஆளில்லையா, ராசா!"

"அவருக்குப் பொண்டாட்டி இருந்தாங்கக்கா!"

"அவள தனியா உட்டுட்டுப் போனியே!"

"அவரே ஒரு டாக்டரு, அக்கா!"

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாத்தியே, உனக்கொரு வைத்தியன் இல்லாம போச்சே!"

அழுகையை நிறுத்த, கோமாளி வேஷம் போட்ட பஞ்சாட்சரத்தைச் சாமுவேல் குட்டிக்கரணம் போட அனுப்பினான். கெங்கம்மாள் அவனுக்கு அத்தை. அத்தை அழுவதைக் கண்டதும் கோமாளி அவள் மடியில் விழுந்து கதறினான்.

வேறு வழியில்லாமல் சாமுவேல் படத்தையே தூக்கிக்கொண்டு ஓடினான்.

"அய்யோ, எடுத்துட்டாங்களே!"

மார்பில் அடித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் பின்னால் ஓடியது.

இப்போது நினைத்தாலும் அந்தக் குடோனின் உப்பு வாசனையும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் மனசில் வந்து நிற்கின்றன. முகம் தெரியாத ஒருவருக்காக அப்படி அழுத ஜனங்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

அன்று சாமுவேலுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கடைசி நாற்காலியில் முதலாளியும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். இனி இந்த ஜென்மத்தில் நாடகமில்லை என்று முடிவு கட்டி, படத்தோடு அவர் முன்னால் போய் நின்றான்.

"மன்னிச்சிடுங்க முதலாளி..."

நிசார் அஹமது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருய்யா, சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்குது... அழுவுற மாதிரி இன்னாமா நடிக்கிறாங்க இந்தப் பொம்பளைங்க, அடுத்த வருஷமும் இவங்களையே போடு!"